டிரைவரின் தலைக்கு ஒரு மெத்தை

டிரைவருக்கு ஒரு பழக்கம். மனைவியிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் அவர் வாயிலிருந்துதான் வரும். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகு ஓட்டுவதற்கு பஸ் இல்லை, குடும்பம்தான் இருந்தது. ஆகவே எலும்பு டாக்டரின் அறையில், நோயாளியின் நாற்காலியில் டெய்லரம்மா மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்க, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் டிரைவர்.

"எப்படிம்மா விழுந்தீங்க?" என்று கேட்டார் டாக்டர். சின்ன வயதுப் பெண், சிரிப்பை உதட்டோரமாய் ஒளித்து வைத்திருக்கிற முகம்.

"பாத்ரூம் வாசல்ல டாக்டர். தரை ஈரம். இவ எங்கேயோ பராக்குப் பார்த்துட்டு கால வச்சா..."

"நான் அவங்களைக் கேட்டேன்."

"அவங்களுக்காகத்தான் சொல்றேன்."

டெய்லரம்மா உத்தரத்தைப் பார்த்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற கூத்துதானே இது.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "நின்ன இடத்துல சறுக்கி விழுந்ததுக்கே எலும்பு உடைஞ்சிருக்குன்னா, அது உள்ளுக்குள்ள மெலிஞ்சு போச்சுன்னு அர்த்தம்மா. எலும்பு கல்லு மாதிரி சும்மா கிடக்கிறதில்ல. உள்ளே ஓயாம வேலை நடக்குது. ஒரு கூட்டம் பழசை அரிச்சு எடுக்கும், இன்னொரு கூட்டம் அந்த இடத்துல புதுசா கட்டும். வயசாக ஆக எடுக்கிறவங்க கை ஓங்கிடும். கட்டுறவங்க பின்தங்கிடுவாங்க."

டெய்லரம்மாவுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. "அதாவது ஒருத்தி தையலைப் பிரிச்சுக்கிட்டே போறா, இன்னொருத்தி பின்னாலேயே தைச்சுக்கிட்டு வர்றா. பிரிக்கிறதுக்கு என்ன, சர்ருனு பிரிச்சுடலாம். தைக்கிறவளுக்குத்தானே நேரமாகும்?"

"அதேதான்மா! நான் தர்ற மாத்திரை அந்தப் பிரிக்கிறவளைக் கொஞ்சம் உட்கார வைக்கும்."

"அவ கையில பிளேடைக் கொடுத்தவன் எவன்?" என்று டிரைவர் குறுக்கே புகுந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

"இன்னொரு கேள்வி. உயரம் ஏதாவது குறைஞ்ச மாதிரி தெரியுதா? போட்டுக்கிற துணி முன்ன மாதிரி உட்காராம போகுதா? சிலருக்கு முதுகெலும்பு சத்தமில்லாம அமுங்கிடும். அவங்களுக்கே தெரியாது."

"இவ கல்யாணத்தன்னைக்கே குள்ளம்தான் டாக்டர். இதுக்கு மேல குறைய என்ன இருக்கு?" என்றுவிட்டு டிரைவர் தன் ஜோக்குக்குத் தானே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. 'ஸ்ஸ்' என்று இடுப்பில் கை வைத்தவர், ஒன்றுமே நடக்காத மாதிரி சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டார். அந்த முதுகுவலிக்கு அவர் வைத்திருந்த பெயர் 'பஸ் கொடுத்த பரிசு'. தைலம் தேய்த்தால் அடங்கிவிடுகிற வலிதானே என்று வீட்டிலும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து டிரைவர் ராஜ்ஜியம்தான். மிதியடிகளைச் சுருட்டி மச்சில் போட்டார். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தார். மனைவிக்கு வழுக்காத செருப்பு வாங்கினார். அதுவரைக்கும் நல்லதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மாத்திரை விஷயத்தில் மனிதர் போலீஸ்காரராகவே மாறிவிட்டார். வாரத்துக்கு ஒன்று, வெறும் வயிற்றில், டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கிய பின் அரைமணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, படுக்கவும் கூடாது. டெய்லரம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். எதிரில் டிரைவர் சோபாவில் சாய்ந்து, ஆவி பறக்கிற காபியை உறிஞ்சிக்கொண்டே அதட்டுவார்.

"சாயாதே! கண்ணு சொக்குது பாரு!"

"நீங்க அந்தக் காபியை அந்தப் பக்கம் கொண்டு போய்க் குடிச்சாத்தான் என்ன?"

"காவல் காக்கிறவன் தெம்பா இருக்க வேணாமா?"

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது கடை விஷயம்தான்.

தெருமுனையில், சைக்கிள் ரிப்பேர் கடையை ஒட்டி அவளுடைய தையல் கடை இருந்தது. ஒரே ஓர் அறை. ஜன்னலோரம் இரும்புக்கால் வைத்த பழைய மெஷின், வெட்டுவதற்கு ஒரு நீள மேஜை, மூலையில் போட்டுப் பார்க்கிறவர்களுக்காக ஒரு திரை. வாசலில் தாழ்வாக ஓர் இரும்பு உத்தரம். கடை திறந்த அன்று டிரைவர் மிடுக்காக உள்ளே நுழைந்து, அதில் நெற்றியை இடித்து, ரத்தம் கொட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கே டெய்லரம்மா வெட்டுத் துணிகளை அடைத்து ஒரு சின்ன மெத்தை தைத்து அந்த உத்தரத்தில் கட்டிவிட்டாள். அந்தத் தெருவிலேயே அந்த மெத்தை தேவைப்படுகிற உயரம் அவர் ஒருவருக்குத்தான். அதில் அவருக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு முறையும் பெரிய மனுஷத் தோரணையோடு தலையைக் குனிந்துதான் உள்ளே வருவார்.

மாவுக்கட்டைப் பிரித்த வாரம் அவர் பேச்சை எடுத்தார். "போதும். கடையைக் காலி பண்ணிடுவோம். ரோட்டைத் தாண்டி, படி ஏறி இறங்கி, எங்கேயாவது இன்னொரு தடவை விழுந்தேன்னா? ஞாயித்துக்கிழமை மெஷினை மாடிக்குத் தூக்கிடறேன். வேணும்னா வீட்ல உட்கார்ந்து பொத்தான் கட்டு."

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க. கையை நல்லா அசைக்கச் சொல்லியிருக்காங்க."

"அசை. வேணாங்கல. வீட்டுக்குள்ள அசை."

"கடை போச்சுன்னா நான் ஆளே இல்லாம போயிடுவேங்க," என்றாள் டெய்லரம்மா. சொல்லும்போதே குரல் உடைந்தது. அவள் லேசில் அழுகிறவள் அல்ல.

டிரைவருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அவர் மிரட்டுவது பயத்தில்தான், அவள் விழுந்த சத்தம் இன்னும் அவர் காதிலேயே இருந்தது. ஆனாலும் ஸ்டியரிங்கை முழுசாக விட்டுவிட மனம் வரவில்லை. "சரி, ஒண்ணு செய். எனக்கு ஒரு சட்டை தை. எப்பவும் போல கச்சிதமா உட்கார்ந்துச்சுன்னா கடை இருக்கட்டும், நான் வாயே திறக்க மாட்டேன். கோணலா வந்துச்சுன்னா கை போச்சுன்னு அர்த்தம். நீயே சாவியைக் கொடுத்துடணும்."

டெய்லரம்மாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கண்ணைக் கட்டிவிட்டால்கூட அவள் தைத்துவிடக்கூடிய சட்டை உலகத்திலேயே ஒன்று உண்டென்றால் அது அவருடையதுதான். அவர் அளவில் வெட்டின அட்டை எத்தனையோ வருஷமாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நீலக் கோடு போட்ட பருத்தித் துணியை எடுத்தாள். மணிக்கட்டு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கழுத்துப்பட்டையை மட்டும் இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் டிரைவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். டெய்லரம்மாவின் முகம் தொங்கிப் போயிற்று. சட்டையின் முன்பக்கம் தொடை வரைக்கும் இறங்கித் தொங்கியது. பின்பக்கமோ மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பிடரிக்குக் கீழே துணி ஒரு மடிப்பாய்த் திரண்டிருந்தது. முதன்முதலில் கத்தரி பிடித்த பிள்ளைகூட இப்படித் தைக்காது.

டிரைவர் வாய்விட்டுச் சிரித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. "விடும்மா. இவ்வளவு காலம் தைச்சாச்சு, போதாதா?" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு, தலையைக் குனிந்து வெளியே போனார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

டெய்லரம்மா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, சட்டையை அட்டையின் மேல் விரித்துப் பார்த்தாள். விளிம்போடு விளிம்பு ஒட்டி நின்றது. ஒரு நூல்கூட விலகவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தாள், அப்போதும் அப்படித்தான். 'என் கை தப்புப் பண்ணலையே! அப்புறம் எங்கேதான் கோணுது?' அவளுக்கு அழுகை போய் ஆத்திரம் வந்தது. டெய்லருக்கு ஆத்திரம் வந்தால் அளவு நாடாவைத்தான் தேடுவாள். ஆனால் அளக்க வேண்டிய ஆள் வீட்டுக்குப் போய்விட்டாரே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷின் தூக்க ஒத்தாசைக்கு மகள் வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். அப்பாவின் குரலும் அம்மாவின் பிடிவாதமும் கலந்து செய்த பெண். "அப்பாவை அவர் ரிட்டயர் ஆன அன்னைக்குப் போட்ட சட்டையிலே வரச் சொல்லு," என்று அம்மா போனில் சொன்னபோது, ஏதோ கடைசி நாள் ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சட்டை போட்டோவில் இருக்கிறது. கழுத்தில் மாலையோடு டிரைவர் நிற்கிறார், சட்டை சொன்னபடி கேட்டுக்கொண்டு நிற்கிறது. இப்போது அதே சட்டையில் அதே ஆள் வந்து நின்றார். முன்னால் தொங்கியது, பின்னால் தூக்கியது. தினமும் பார்க்கிற ஆள் என்பதால் இது இதுவரைக்கும் அவள் கண்ணில் பட்டதே இல்லை.

"பார்த்தீங்களா! இதுவும் அதே மாதிரி!"

"துவைச்சுத் துவைச்சு நீண்டு போச்சு."

"துவைச்சாத் துணி சுருங்கும்ங்க. நீண்ட துணியை நான் என் ஆயுசுல பார்த்ததில்ல."

"அப்ப தொப்பை விழுந்திருக்கும்."

"தொப்பை விழுந்தா முன்பக்கம் மேல ஏறும். உங்களுக்கு இறங்குது." அவள் நாடாவை எடுத்து அவரைச் சுற்றி வந்தாள். கை நீளம் அட்டையில் உள்ளபடியே. கால் நீளத்திலும் மாற்றமில்லை. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் முன்பக்கம் வைத்துப் பார்த்தாள், நாடா மிஞ்சியது. முதுகில் கை வைத்துத் தடவினாள். நேராக இறங்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு. தினமும் தைலம் தேய்க்கிற முதுகுதான், ஆனால் வலிக்கிற இடத்தைத் தேய்த்தாளே தவிர இப்படித் தடவிப் பார்த்ததில்லை. டாக்டர் கேட்டது அவள் காதில் ஒலித்தது. போட்டுக்கிற துணி முன்ன மாதிரி உட்காராம போகுதா?

"சுருங்கினது சட்டை இல்லீங்க," என்றாள். "நீங்க."

"நானா? சரிதான்! எலும்புத் தேய்மானம் பொம்பளைங்க வியாதி. தோத்துட்டு என்னென்னவோ பேசுறா பாரு உங்கம்மா." டிரைவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு மெஷினிடம் போனார். "பேச்சு போதும், வழி விடு. மகளே, அந்தப் பக்கம் பிடி." குனிந்து, மெஷினின் இரும்புக்காலுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தார்.

"தொடாதீங்க!"

சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு இருந்தது அந்தக் கத்தல். டிரைவர் திகைத்துப் போய் நிமிர்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை.

"வெளியே போங்க," என்றாள் டெய்லரம்மா. "போயிட்டுத் திரும்பி உள்ள வாங்க. குனியாம வாங்க."

"மண்டை இடிக்கும்மா."

"அதுக்குத்தானே மெத்தை கட்டியிருக்கேன். வாங்க. இடிச்சதுன்னா இந்தாங்க சாவி, இப்பவே எடுத்துக்குங்க."

அவ்வளவு சுலபமாக ஜெயிக்கிற பந்தயத்தை யார் விடுவார்கள்? டிரைவர் தெருவில் இறங்கி நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார். இடி விழப்போகிறதே என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து வந்தார். வந்தவர் வெட்டு மேஜையில் மோதித்தான் நின்றார். கண்ணைத் திறந்தால் கடைக்கு உள்ளே இருக்கிறார்.

தலையைத் தொட்டுப் பார்த்தார். திரும்பிப் போய் மெத்தைக்கு நேர் கீழே நின்றார். குதிகாலை ஊன்றி, முடிந்த மட்டும் நிமிர்ந்தார். மகள் வந்து, அவர் தலைக்கும் மெத்தைக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்தாள். இரண்டு விரல் தாராளமாகப் போனது. இவ்வளவு நாளும் இடிக்காத உத்தரத்துக்குத்தான் மனிதர் குனிந்துகொண்டிருந்திருக்கிறார்.

"உத்தரத்தை மேலே தூக்கிட்டாங்களா?" என்று கேட்டார் டிரைவர். சின்னப்பிள்ளை கேட்பது மாதிரி இருந்தது. மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தது. டெய்லரம்மா அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

மறுநாள் அதே டாக்டர், அதே அறை. இந்தத் தடவை மகளும் கூட வந்திருந்தாள். நாற்காலி மாறியிருந்தது, பேச்சும் மாறியிருந்தது.

"வலி எப்பலேர்ந்து?" என்று டாக்டர் கேட்டதும் டெய்லரம்மா முந்திக்கொண்டாள். "சிலிண்டர் தூக்கினப்போ ஒரு தடவை சுளீர்னு பிடிச்சுது டாக்டர். தைலம் தேய்ச்சு விட்டேன். அப்புறம் தண்ணி கேன் தூக்கினப்போ இன்னொரு தடவை. இவர் வெளியே சொல்ல மாட்டார், ஆம்பளைச் சிங்கம்."

"அவரைக் கேட்டேன்மா," என்றார் டாக்டர்.

"அவருக்காகத்தான் சொல்றேன்."

எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் இரண்டு எலும்புக் கண்ணிகள் முன்பக்கம் நசுங்கி, ஆப்பு மாதிரி இருந்தன. "அது பிடிப்பு இல்லீங்க. முறிவு," என்றார் டாக்டர். "ஆம்பளைங்களுக்கும் வரும். சிகரெட் பழக்கம் இருந்திருக்கா?" டிரைவர் ஆமென்று தலையாட்டினார். "சரி, வேற காரணம் ஏதாவது இருக்கான்னு ரத்தத்தையும் பார்த்துடுவோம். இனிமே குனிஞ்சு பாரம் தூக்கக் கூடாது. நேத்து அந்த மெஷினைத் தூக்கியிருந்தீங்கன்னா இன்னொரு எலும்பும் நொறுங்கியிருக்கலாம்."

எலும்பு அடர்த்தி சோதித்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் டிரைவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "உனக்கு எவ்வளவு? ரெண்டரையா? எனக்கு மூணுக்கு மேல! இதுலயும் நான்தான் முன்னால!"

"அப்பா," என்றாள் மகள், "முன்னாடி ஒரு சின்னக் கோடு இருக்கு பாருங்க. அது மைனஸ்."

அசடு வழிந்தது டிரைவருக்கு. டாக்டர் உதட்டோரத்துச் சிரிப்பை ஒளிக்கிற முயற்சியைக் கைவிட்டுவிட்டார்.

"அம்மா கடைக்கு நடந்து போகலாமா டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"கட்டாயம் போகணும். உட்கார்ந்தே இருந்தா எலும்பு இன்னும்தான் மெலியும். அய்யாவும் கூடவே நடக்கட்டும்."

"போன உயரம்?" என்று டிரைவர் மெதுவாகக் கேட்டார். "மாத்திரையில திரும்பி வருமா?"

"அது வராதுங்க. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்."

அந்த வாரம் டெய்லரம்மா புது அட்டை வெட்டினாள். முன்பக்கத்தைக் குறைத்தாள், பின்பக்கத்துக்கு நீளம் கொடுத்தாள், முதுகு மேட்டுக்கு இடம் விட்டாள். பழைய அட்டையைக் கிழிக்க மனசு வரவில்லை, அதே ஆணியில் அடியில் மாட்டி வைத்தாள். நீலக் கோட்டுச் சட்டையைப் பிரித்துத் திரும்பத் தைத்து, பின்பக்கத்துக்கு மட்டும் அதே துணியில் புதிதாக வெட்டிப் போட்டாள். டிரைவர் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் வெகுநேரம் நின்றார். எங்கேயும் தொங்கவில்லை, எங்கேயும் தூக்கவில்லை. கூன் விழுந்த ஆள் மாதிரியே தெரியவில்லை.

"கச்சிதம்," என்றார். "கடை உன்னோடது. நான் வாயே திறக்க மாட்டேன்."

சொன்ன வாக்கைக் காப்பாற்றியும் விட்டார். அதுதான் தொல்லை. வீட்டில் இப்போது இரண்டு நாற்காலி. வாரம் ஒரு காலை இருவரும் மாத்திரையை விழுங்கிவிட்டு, காபிக்கு ஏங்கிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் அதட்டவில்லை, கிண்டல் பண்ணவில்லை. தினமும் அவளோடு கடைக்கு நடந்தார். வாசலுக்கு வந்ததும் அண்ணாந்து அந்த இரண்டு விரல் இடைவெளியைப் பார்ப்பார். பிறகு குனியாமல் உள்ளே வந்து மூலையில் உட்கார்ந்துகொள்வார். ஓயாத வாய் ஓய்ந்து போனதை டெய்லரம்மாவால் தாங்க முடியவில்லை. இதற்கு அந்த அதட்டலே தேவலை என்று இருந்தது.

ஒருநாள் அவரை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சைக்கிள் கடைக்காரரை ஏணி போடச் சொல்லி, அந்த மெத்தையை அவிழ்த்து வாங்கினாள். ஒரு பக்கம் பிரித்தாள். நீலக் கோட்டுத் துணியில் மிஞ்சிய துண்டுகளையெல்லாம் உள்ளே திணித்து, தடிமனாக்கி, அழுத்தித் தைத்து, மறுபடி கட்டச் சொன்னாள்.

மறுநாள் காலை டிரைவர், வழக்கமாகப் பார்ப்பது போல அண்ணாந்து பார்க்கக்கூட மனமில்லாமல் உள்ளே நுழைந்தார். 'பொத்'தென்று தலை இடித்தது.

"ஏம்மா!" என்று அலறினார். "இடிச்சுது! தலை இடிச்சுது! அந்த டாக்டருக்கு என்ன தெரியும், நான் வளர்ந்துட்டேன்!" ஓடிப்போய் சைக்கிள் கடைக்காரரிடம் சொன்னார், தெருவில் போனவரிடம் சொன்னார். சைக்கிள் கடைக்காரர் செயினைக் கழற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்க டிரைவர் பேசிய பேச்சுக்கு மெஷின் சத்தமே கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் டெய்லரம்மா முன்னாலேயே கடைக்கு வந்து, திரைக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் வந்து வாசலில் நின்றார். கடை காலியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கையைத் தூக்கி மெத்தையை அமுக்கிப் பார்த்தார். ஓரத்துப் புதுத் தையலின் மேல் விரலை மெல்ல ஓட்டினார். பழைய நூல் வெளுத்திருக்க, புது நூல் பளபளவென்று இருந்தது. தையல் இடுக்கில் துருத்திக்கொண்டிருந்த நீலக் கோட்டுத் துணியை விரல் நுனியால் உள்ளே தள்ளிவிட்டார். தான் போட்டிருந்த சட்டையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். திரை ஓரமாய்ப் பார்த்துக்கொண்டு டெய்லரம்மா அசையாமல் நின்றாள்.

டிரைவர் சத்தமில்லாமல் தெருவில் இறங்கினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்து 'பொத்'தென்று இடித்துக்கொண்டார்.

"ஏம்மா! இன்னைக்கும் இடிக்குது பாரு!"

டெய்லரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "பின்னே?" என்றாள். "இவ்வளவு உயரத்தை வச்சுக்கிட்டு, குனிஞ்சு வர வேணாமா?"